எழுத எல்லாருக்கும் உரிமை, அழிக்க யாருக்கு?

கொடைக்கானல் மலையில் உள்ள மன்னவனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். சுற்றியுள்ள நாலு கிராமங்களில் 26 பேர் சேர்ந்து மழை, உறைபனி, காட்டுமாடு நடமாட்டம், பூண்டு, உருளைக்கிழங்கு நடவு எல்லாவற்றையும் ஒரே கூகுள் ஷீட்டில் தினமும் எழுதி வருகிறார்களாம். 'லிங்க் இருக்கும் யார் வேண்டுமானாலும் எழுதலாம்' என்று வைத்திருந்தார்கள். போன மாதம் யாரோ இரண்டு மாதக் குறிப்பை அழித்துவிட்டார்கள், யாரென்று தெரியவில்லை. "இனிமேல் செட்டிங்ஸை எப்படி வைக்க வேண்டும், ஆட்களைச் சேர்ப்பதும் நிறுத்துவதும் எப்படி? ரொம்ப இறுக்கிப் பூட்டினால் எழுதுவதையே விட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது" என்பதுதான் அவர் கேள்வி.

நான் இருப்பது அதே மலையில் தாண்டிக்குடிப் பக்கம், காப்பித் தோட்டம். நாங்கள் 30 பேருக்குக் கொஞ்சம் கூடுதலாக இதே போன்ற ஒரு குறிப்பேட்டை 2016 முதல் எழுதி வருகிறோம். நீங்கள் பட்டதை எல்லாம் நாங்களும் பட்டிருக்கிறோம். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அழிந்ததை மீட்டுவிடுவோம், செட்டிங்ஸ் அப்புறம். மொபைலை வைத்துவிட்டுக் கணினியில் அந்த ஷீட்டைத் திறங்கள். 'ஃபைல்' மெனுவில் 'வெர்ஷன் ஹிஸ்டரி' இருக்கும். அதைத் திறந்தால் வலது பக்கம் பழைய வடிவங்கள் தேதிவாரியாக வரிசையாக வரும். அழிவதற்கு முந்தைய நாளைத் தொட்டால், அன்றைக்கு ஷீட் எப்படி இருந்ததோ அப்படியே தெரியும். மேலே 'ரீஸ்டோர்' என்று ஒரு பட்டன் இருக்கும். தயவுசெய்து அவசரப்பட்டு அதை அழுத்தாதீர்கள். அழுத்தினால் மொத்த ஷீட்டும் அந்த நாளுக்குத் திரும்பிப் போய்விடும். அதற்குப் பிறகு மற்றவர்கள் எழுதியதெல்லாம் ஷீட்டிலிருந்து மறைந்துவிடும். அந்தத் தேதிக்குப் பக்கத்தில் மூன்று புள்ளி இருக்கிறதே, அதைத் தொட்டு 'மேக் எ காப்பி' கொடுங்கள். பழைய வடிவம் தனி ஃபைலாக வந்துவிடும். அதிலிருந்து தொலைந்த இரண்டு மாதத்தை மட்டும் எடுத்து இப்போதைய ஷீட்டில் ஒட்டுங்கள். நாள் போகப் போகப் பழைய வடிவங்களைக் கூகுள் ஒன்றோடொன்று சேர்த்துவிடலாம் என்பதால் இதை இன்றைக்கே செய்வது நல்லது.

யார் அழித்தது என்று தேட வேண்டாம் என்பது என் கருத்து. திறந்த லிங்க்கில் உள்ளே நுழைந்து கணக்கு இல்லாமல் திருத்தியவர்கள் வரலாற்றில் பெயர் இல்லாமல்தான் தெரிவார்கள். அதைவிட முக்கியம், அநேகமாக அவர் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார். எங்களிடம் 2018ல் நடந்தது இது. ஒருநாள் மழைப் பத்தியைப் பார்த்தால் ஜனவரி மாதக் கடும் பனியில் 90 மில்லிமீட்டர் மழை, ஐப்பசி அடைமழையில் பூஜ்யம். பத்திகள் அப்படியே இருக்கின்றன, எண்கள் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. விசாரித்தபோது ஓர் இளைஞர், "அண்ணே, எது பெரிய மழைன்னு பார்க்கலாம்னு அந்தப் பத்தியை மட்டும் செலக்ட் பண்ணி வரிசைப்படுத்துனேன், அவ்வளவுதான்" என்றார். அவ்வளவுதான். தேதிகள் நின்ற இடத்தில் நின்றன, மழை மட்டும் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாகிவிட்டது. நாங்கள் கண்டுபிடிக்க 11 நாள் ஆனது. ஆர்வமாகப் படித்துப் பார்த்த ஒருவரால் வந்த சேதம் அது. அவரை நாங்கள் குறை சொல்லவில்லை. இன்றைக்கும் எங்களுடன்தான் எழுதுகிறார். ஆர்வமுள்ள ஒருவர் கை தவறினால் இரண்டு வருடப் பதிவு கலையும்படி வைத்திருந்தது எங்கள் தப்பு.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. கூகுள் ஷீட்டில் 'எடிட்டர்' என்ற உரிமை கொடுத்தால் எழுதவும் அழிக்கவும் சேர்த்தே கொடுக்கிறோம். அதில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஊர்க் குறிப்பேட்டுக்கு இவை இரண்டும் வேறு வேறு. எழுதும் உரிமையை எவ்வளவு பேருக்கு முடியுமோ அவ்வளவு பேருக்குக் கொடுக்க வேண்டும். அழிக்கும் உரிமையை இரண்டு மூன்று பேரோடு நிறுத்த வேண்டும். இதைப் பிரித்துவிட்டால் உங்கள் பயம் பாதி தீர்ந்துவிடும். யாரையும் வெளியே வைத்துப் பூட்ட வேண்டியதே வராது.

பிரிப்பதற்கு வழி கூகுள் ஃபார்ம். ஃபார்மில் நிரப்பி அனுப்புவது ஷீட்டின் கடைசியில் ஒரு புது வரியாகப் போய்ச் சேரும். அனுப்பியவரால் மேலே உள்ள எதையும் தொட முடியாது. தெரியாமல் கூடக் கலைக்க முடியாது. ஷீட்டில் எல்லாருக்கும் 'கமென்ட்டர்' உரிமை கொடுங்கள். அவர்களால் எல்லாவற்றையும் படிக்கலாம், தப்பு கண்டால் அந்தக் கட்டத்திலேயே "இது 12 இல்லை, 21" என்று குறிப்பு ஒட்டலாம். அழிக்க மட்டும் முடியாது. எடிட்டராக மூன்று பேர் போதும். ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் இன்னொருவர், அவருக்கும் சிக்னல் இல்லாவிட்டால் மூன்றாமவர். அதற்கு மேல் வேண்டாம். வரிசைப்படுத்திப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு 'ஃபில்டர் வியூ' சொல்லிக்கொடுங்கள். அது அவரவர் திரையில் மட்டும் வரிசை மாற்றிக் காட்டும், அசல் அப்படியே இருக்கும். எங்கள் இளைஞருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தபோது அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்கவில்லை.

ஃபார்மின் செட்டிங்ஸில் மின்னஞ்சல் முகவரியைப் பெறும் பகுதியில் 'வெரிஃபைடு' என்று வையுங்கள். அப்படி வைத்தால் கூகுள் கணக்கோடு உள்ளே வந்தவர்தான் அனுப்ப முடியும், யார் அனுப்பியது என்பதும் பதிவாகும். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த முகவரிகள் ஷீட்டில் ஒரு பத்தியாக வந்து உட்காரும், உறுப்பினர் எல்லாரும் அதைப் பார்ப்பார்கள். பலர் அதை விரும்ப மாட்டார்கள். நாங்கள் பதில்கள் வந்து விழும் ஷீட்டைத் தனியாக, எடிட்டர் மூவர் மட்டும் பார்க்கும்படி வைத்துவிட்டோம். மற்றவர்கள் படிப்பது இரண்டாவது ஷீட். 'இம்போர்ட்ரேஞ்ச்' என்ற ஃபார்முலா, முகவரிப் பத்தியை விட்டுவிட்டு மற்றதை மட்டும் முதல் ஷீட்டிலிருந்து இழுத்துக் கொடுக்கும். அந்தப் பத்தியை மறைத்து வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. ஷீட்டைப் பிரதி எடுக்க முடிந்தவர் தன் பிரதியில் மறைத்ததை வெளியே எடுத்துவிடலாம். அதே மாதிரி இரண்டாவது ஷீட்டில் வேறு யாருக்கும் எடிட்டர் உரிமை கொடுக்காதீர்கள். அந்த ஃபார்முலா அனுமதி பெற்றுவிட்ட பிறகு, அங்கே எழுத முடிந்தவர் முதல் ஷீட்டின் எந்தப் பகுதியையும் இழுக்கலாம். இன்னொன்று, புதிய வரிகளை மேலே கொண்டுவர வேண்டாம், கீழேயே சேரட்டும். மேலே கொண்டுவந்தால் கட்டத்தில் ஒட்டிய குறிப்பு ஒரு நாளிலும் அது சொல்லும் மழை இன்னொரு நாளிலும் போய் நிற்கும்.

இப்போது 'ஷேர்' பட்டன். திறந்ததும் கீழே 'ஜெனரல் ஆக்சஸ்' என்று இருக்கும். அதை 'ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றுங்கள். அப்புறம் அதே பெட்டியின் மேல் மூலையில் இருக்கும் பல்சக்கரக் குறியைத் தொடுங்கள். எடிட்டர்கள் தாங்களாகவே மற்றவர்களைச் சேர்க்கலாம், உரிமையை மாற்றலாம் என்று ஒரு டிக் அங்கே இருக்கும். நாம் எதுவும் செய்யாவிட்டால் அது 'ஆம்' என்றே இருக்கும். அதை எடுத்துவிட்டால் ஆள் சேர்ப்பது ஓனர் ஒருவர் கையில் மட்டும் இருக்கும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

ஒரு பொதுவான ஜிமெயில் உருவாக்கி அதன் பாஸ்வேர்டை எல்லாருக்கும் கொடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். நாங்கள் முதல் வருடம் அப்படித்தான் செய்தோம். புது மொபைலிலிருந்து யாராவது நுழைந்தால் சரிபார்ப்பு எண் கணக்கைத் தொடங்கியவரின் போனுக்குப் போகும். அவர் அப்போது மலையில் சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பார். வரலாற்றில் எல்லாத் திருத்தமும் ஒரே பெயரில் இருக்கும். ஒருவர் பாஸ்வேர்டை மாற்றினால் 30 பேரும் வெளியே. அந்த வருடம் எழுதியதில் யார் எதைப் பார்த்தார் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

செட்டிங்ஸில் நான் அதிகம் வருத்தப்பட்டது தேதி விஷயத்தில். எங்கள் பக்கம் காப்பிக்கு மார்ச், ஏப்ரலில் பெய்யும் மழைதான் உயிர். அந்த மழை பெய்து எட்டு, பத்து நாளில் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். அந்த மழை ஒவ்வொரு வருடமும் எந்தத் தேதியில் வந்தது என்பதற்காகவே எங்களில் பாதிப் பேர் எழுத வந்தார்கள். 2021ல் ஒரு நாள் மார்ச் மழையை மட்டும் கூட்டிப் பார்த்தபோது கணக்கு ஒத்துவரவில்லை. ஷீட்டை உற்றுப் பார்த்தேன். தேதிப் பத்தியில் சில தேதிகள் கட்டத்தின் இடது ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தன, சில வலது ஓரமாக இருந்தன. 14/03/2021 இடது பக்கம். 04/03/2021 வலது பக்கம். யாரும் அப்படி வைக்கவில்லை. ஷீட்டின் 'லொகேல்', அதாவது எந்த நாட்டு வழக்கப்படி எழுதுகிறோம் என்பது, அமெரிக்கா என்று இருந்திருக்கிறது. அங்கே மாதம்தான் முதலில். ஆகவே மார்ச் 4 என்று நாங்கள் எழுதியதை அது ஏப்ரல் 3 என்று எடுத்துக்கொண்டது. 14ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் மார்ச் 14ஐத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக இடது ஓரம் வைத்துவிட்டது. பன்னிரண்டாம் தேதி வரைக்கும் தப்பான மாதம், பதின்மூன்றிலிருந்து தேதியே இல்லை. பார்க்கும்போது இரண்டும் சரியாகவே தெரியும், அதுதான் கொடுமை.

'ஃபைல்' மெனுவில் 'செட்டிங்ஸ்' திறந்து 'லொகேல்' இந்தியா என்றும், நேர மண்டலத்தை இந்திய நேரம் என்றும் முதல் நாளே வையுங்கள். பிறகு மாற்றினால் புதிதாக எழுதுவது சரியாகும், ஏற்கெனவே தப்பாகப் பதிந்த தேதி தானாகத் திரும்பாது. நாங்கள் ஒவ்வொருவர் வீட்டு நோட்டையும் வாங்கி வந்து, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க ஒருவர் திருத்தி, ஒரு வாரம் ராத்திரி எல்லாம் அதே வேலை. காகித நோட்டு இல்லாதவர்களின் தேதி போனது போனதுதான். இப்போது ஃபார்மில் தேதிக்கென்று உள்ள கேள்வி வகையைத்தான் வைத்திருக்கிறோம். காலண்டரில் தொட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், பிரச்சினை இல்லை. நீங்களும் தேதியைக் கையால் தட்ட விடாதீர்கள். உங்கள் ஷீட்டில் இடது ஓரத் தேதி ஏதாவது இருக்கிறதா என்று இன்றைக்கே ஒரு தடவை பாருங்கள்.

தேதி என்றதும் இன்னொன்று. மழைமானியைக் காலையில் பார்க்கிறோம், ஆனால் மழை பெய்தது முந்தின நாள் சாயங்காலம். எந்தத் தேதியில் எழுதுவது? ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி எழுதினால் பக்கத்துப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு நாள் தள்ளி மழை பெய்தது போலத் தெரியும். இந்திய வானிலை ஆய்வுத் துறை காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேர மழையை, அளந்த அந்த நாளின் கணக்கில் எழுதுகிறது. பேப்பரில் 'காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில்' என்று படிப்போமே, அதுதான். அதையே வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அவர்கள் கணக்கோடு உங்கள் கணக்கை ஒப்பிடலாம். மழை இல்லாத நாளில் கட்டாயம் 0 போடச் சொல்லுங்கள். 0 என்றால் பார்த்தேன், மழை இல்லை. வெற்றிடம் என்றால் யாரும் பார்க்கவில்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கூட்டினால் ஊருக்கு வெளியூர்க் கல்யாணம் வந்த வாரமெல்லாம் வறட்சியாகிவிடும்.

உங்கள் பக்கம் உறைபனியும் எழுதுகிறீர்கள். அதற்கு ஃபார்மில் இரண்டு கேள்வி வையுங்கள்: புல்லில் உறைபனி கண்ணால் பார்த்தீர்களா, தெர்மாமீட்டர் என்ன காட்டியது. ஆள் உயரத்தில் மாட்டிய தெர்மாமீட்டர் இரண்டு மூன்று டிகிரி காட்டும்போதே பள்ளத்தில் புல் வெள்ளையாக உறைந்திருக்கும். ஒரே கேள்வியாக வைத்தால் ஒருவர் புல்லைப் பார்த்து எழுதுவார், ஒருவர் எண்ணைப் பார்த்து எழுதுவார்.

மேல் கிராமங்களில் சிக்னல் ஒரு வளைவில் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. ஃபார்ம் அனுப்ப நெட் வேண்டும். மொபைலே வைத்துக்கொள்ளாத பெரியவர்களும் இருப்பார்கள், அவர்கள்தான் எங்கள் குழுவில் ஒரு நாள் கூடத் தவறாமல் பார்ப்பவர்கள். அதனால் ஃபார்மில் 'பார்த்தவர்', 'பதிந்தவர்' என்று இரண்டு இடம் வையுங்கள். எங்களுக்கு ஓர் அக்கா மூன்று வீட்டு மழையை நோட்டில் வாங்கி வந்து, பேருந்துக்கு நிற்கும்போது சிக்னல் கிடைக்கும் இடத்தில் அனுப்புவார். அவர் பதிந்தவர், பார்த்தவர்கள் வேறு மூன்று பேர். இந்த வித்தியாசம் பதிவில் இல்லாவிட்டால் மூன்று பேரின் உழைப்பு ஒருவர் பெயரில் போய்விடும், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்றும் தெரியாது.

சரி, ஆட்கள். சேர்ப்பதில் எங்கள் வழக்கம் எளியது. ஏற்கெனவே இருப்பவர் ஒருவர் "இவர் வருவார்" என்று சொல்ல வேண்டும். முதல் ஒரு மாதம் காகித நோட்டில் எழுதச் சொல்வோம். ஒரு மாதம் முடிந்து நோட்டைக் கொண்டுவந்தால் அன்றைக்கே ஃபார்ம் லிங்க்கும் கமென்ட்டர் உரிமையும். பாதிப் பேர் நோட்டோடு வர மாட்டார்கள், அதில் வருத்தமில்லை. சேரும்போது அவர் ஜிமெயில் முகவரியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிலருக்குத் தங்கள் முகவரியே தெரியாது, மொபைலை வாங்கிக் கொடுத்த பிள்ளை ஏதோ ஒன்று போட்டிருப்பார். பள்ளிப் பிள்ளைகள் பார்த்து எழுதினால் அவர்கள் டீச்சர் கணக்கிலிருந்து போகட்டும், பிள்ளையின் முழுப்பெயர் வேண்டாம், முதலெழுத்து போதும்.

நிறுத்துவது கஷ்டம்தான். திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டவரை நாங்கள் நீக்குவதில்லை, 'வியூவர்' ஆக்கிவிடுவோம். ஊர் மழையை அங்கிருந்து படிப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதை ஏன் பறிக்க வேண்டும்? நிலம் விற்பனைக்கு என்று குறிப்பு ஒட்டியவரிடம் நேரில் ஒரு வார்த்தை சொன்னோம், நிறுத்திவிட்டார். ஒரே ஒரு தடவைதான் ஒருவரை நீக்க வேண்டி வந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் பெயரைப் போட்டு, அவர் வேலியில் மின்சாரம் விட்டிருக்கிறார் என்று காட்டுமாடு பத்தியில் எழுதினார். அது உண்மையாக இருந்தால் தீவிரமான விஷயம், வனத்துறைக்கும் மின்வாரியத்துக்கும் சொல்ல வேண்டியது. ஆனால் குறிப்பேடு அதற்கான இடம் இல்லை. அவர் எழுதியது 30 வீட்டில் படிக்கப்பட்டது. பொய்யாக இருந்தால் அதை எப்படித் திரும்ப எடுப்பது? பலமுறை கேட்டும் அவர் நிறுத்தவில்லை. அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே விதி: என்ன பார்த்தோம் என்று எழுதலாம், யார் செய்தார் என்று எழுதக்கூடாது. மனிதர் பெயர் பார்த்தவர், பதிந்தவர் கட்டங்களைத் தவிர வேறெங்கும் வரக்கூடாது. உங்கள் ஃபார்மின் தலையிலேயே இதை எழுதி வையுங்கள். யாரையும் நீக்கும்முன் நேரில் போய்ச் சொல்லுங்கள். காலையில் திறந்து பார்த்து 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று தெரிந்துகொள்வது மனசை ரொம்பப் புண்படுத்தும், மலையில் நாம் தினமும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கிறவர்கள். ஒருவர் விலகினாலும் அவர் எழுதிய பழைய குறிப்பைத் தொடவே கூடாது. அவர் போகலாம், அவர் அளந்த மழை பெய்த மழைதானே.

எடிட்டர் மூவரும் எதையாவது திருத்தினால் அதே ஃபைலில் 'திருத்தக் குறிப்பு' என்று ஒரு டேப் வைத்து, தேதி, பழைய எண், புதிய எண், காரணம் நான்கையும் எழுதட்டும். எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்ட கடிவாளம் இது. ஒரு கட்டத்தில் வலது கிளிக் செய்தால் அதன் திருத்த வரலாறு தெரியும்தான், ஆனால் ஏன் திருத்தினோம் என்பது அதில் இருக்காது.

காட்டுமாடு, யானை, அரிய செடி பற்றி எழுதுவதை எந்த அளவு வெளியே விடுவது என்பதில் நான் கொஞ்சம் கறாராகவே இருப்பேன். "ராத்திரி இந்தத் திருப்பத்தில் மாடு நிற்கிறது" என்பது பக்கத்து வீட்டுக்காரருக்கு உடனே தெரிய வேண்டும். அதற்குப் போன் இருக்கிறது. குறிப்பேட்டில் கிராமத்தின் பெயர் வரை எழுதினால் போதும். மலர்ச்செடி இருக்கும் சரிவு, கூடு இருக்கும் மரம் இதையெல்லாம் துல்லியமாக எழுதி வெளியே விட்டால், பார்க்க வருகிறவர்கள் கால்பட்டே அது அழிந்துவிடும். உயிரினங்களைப் பார்த்தவர்கள் பதிந்து வைக்கும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் கூட ஆபத்தில் இருக்கும் உயிரினங்களின் சரியான இடத்தைக் காட்டாமல் பல கிலோமீட்டர் பரப்புக்குள் மங்கலாக்கித்தான் காட்டுகிறது. பொதுமக்களுக்குக் காட்ட ஆசைப்பட்டால் மழையும் பனியும் மட்டும் உள்ள மூன்றாவது ஷீட் ஒன்றை வியூவர் உரிமையோடு விடுங்கள்.

கடைசியாக ஓனர். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதுதான் எனக்கு ராத்திரி தூக்கம் கெடுத்த விஷயம். ஷீட் ஒருவர் பெயரில்தான் இருக்கும். எங்களுடையது முதலில் ஒரு மூத்தவர் பெயரில் இருந்தது. ஒருநாள் காலை யாராலும் எதையும் திருத்த முடியவில்லை. காரணம் அவர் கணக்கின் இலவச 15 ஜிபி நிரம்பிவிட்டது, பேரப்பிள்ளைகளின் வீடியோக்கள். ஓனரின் இடம் நிரம்பினால் அவர் பெயரில் உள்ள ஷீட்டை மற்றவர்களாலும் திருத்த முடியாது. ஃபார்மில் படம் ஏற்றச் சொன்னால் அதுவும் ஓனரின் இடத்தைத்தான் தின்னும், அதனால் நாங்கள் 'படம் இருக்கிறது' என்று டிக் மட்டும் வைத்திருக்கிறோம். இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளைக் கூகுள் நீக்கிவிடலாம். 2023 டிசம்பர் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. உடல்நலம் குன்றி ஒருவர் அத்தனை காலம் கணக்கைத் தொடாமல் இருந்தாலே போதும், அவர் பெயரில் உள்ளதெல்லாம் போய்விடலாம்.

நாங்கள் பயந்துபோய் உரிமையை மாற்றினோம். கணினியில் 'ஷேர்' திறந்து, எடிட்டராக இருப்பவரின் பெயருக்குப் பக்கத்தில் 'டிரான்ஸ்ஃபர் ஓனர்ஷிப்' கொடுத்தால் அவருக்கு மின்னஞ்சல் போகும். அவர் ஏற்றுக்கொண்ட பிறகுதான் மாறும். பலர் அனுப்பியதோடு மாறிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். ஃபார்முக்கும் இரண்டு ஷீட்டுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். கூடவே புதிய ஓனர் தன் கணக்கில் 'இனாக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' என்ற இடத்தில், இத்தனை மாதம் கணக்கு அசையாமல் இருந்தால் இன்னாருக்குத் தகவலும் ஃபைல்களும் போகட்டும் என்று குறித்து வைக்கட்டும். 3 மாதத்திலிருந்து 18 மாதம் வரை தேர்ந்தெடுக்கலாம், 10 பேர் வரை குறிக்கலாம். மற்ற இரண்டு எடிட்டர்களைக் குறிப்பிட்டால் போதும்.

இவ்வளவு எதற்கு என்று தோன்றினால், உங்களுக்கு மேலேயே இருக்கும் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1899ல் தொடங்கியது. 1904 முதல் சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். எடுத்த கைகள் எத்தனையோ மாறிவிட்டன, படங்கள் தேதியோடு வரிசையாக இருக்கின்றன. அதனால்தான் நூறு வருடச் சூரியப் புள்ளிகளை இன்று உட்கார்ந்து ஆராய முடிகிறது. நம் மலையில் குறிஞ்சி 2006ல் பூத்தது, 2018ல் பூத்தது, அடுத்தது 2030. எங்கள் ஷீட்டில் 2018 குறிஞ்சியை எழுதியவர்களில் இரண்டு பேர் இப்போது இல்லை. 2030ல் பூப்பதை அவர்கள் எழுதியதோடு ஒப்பிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

அதனால் ஒவ்வொரு தையிலும் போன வருடத்தை டவுன்லோடு செய்து இரண்டு பென்டிரைவில் போட்டு இரண்டு வீட்டில் வைக்கிறோம். வத்தலக்குண்டில் பிரின்ட் எடுத்துத் தைத்த ஒரு பிரதியும் உண்டு. 2018க்கான பிரதியில் ஒரு பக்கம் வரிசை மாறிக் கலைந்த அந்த மழையோடேயே பிரின்ட் ஆகிவிட்டது. ஓரத்தில் பேனாவால் சரியான எண்களை எழுதி, திருத்தியவர் மூவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

எங்கள் ஃபார்மின் வெற்றுப் பிரதி ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன். தேதி, கிராமம், மழை, புல்லில் உறைபனி, தெர்மாமீட்டர், பார்த்தவர், பதிந்தவர் என்று ஏழு கேள்விதான். நடவு, காட்டுமாடு இரண்டையும் உங்கள் ஊர் வழக்கப்படி நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் அந்தத் திறந்த லிங்க்கை மட்டும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.